ஒன்பதாவது பாட்டு

மெல்கியோர் ஒரு லாரி ஓட்டுநரின் மகன். போத்தனூர் ரயில்வே காலனியில் ஐரீன் மிஸ்ஸிடம் நான்கு வருடம் கிட்டார் கற்றவன். இருபத்துமூன்று வயதில் சொந்தமாக ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தான். பாட்டும் மெட்டும் குரலும் அவனுடையவை. பாஞ்சோ, ஃபிடில், ஸ்லைடு கிட்டார் எல்லாம் சேர்ந்து அமெரிக்க நெடுஞ்சாலைகளின் புழுதி வாடை அடிக்கும் ரூட்ஸ் ராக். சொற்கள் மட்டும் தமிழ். மிஸ் வீட்டு முன்னறையில்தான் பதிவு நடந்தது.

பத்துப் பாட்டில் ஒன்பதாவதுதான் ஆல்பத்தின் உயிர். அவன் அப்பாவின் லாரியைப் பற்றிய பாட்டு. அதை அவனும் மிஸ்ஸும் தவிர யாரும் கேட்டதில்லை. அப்படித்தான் மெல்கி நினைத்திருந்தான்.

ஒரு வியாழக்கிழமை, வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றான். டயரைக் கழற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் அன்வர் வாய்க்குள் எதையோ முனகினார்.

அவனுடைய மெட்டு.

"அண்ணா, இந்தப் பாட்டை எங்க கேட்டீங்க?"

"எந்தப் பாட்டு?"

"இப்பப் பாடுனீங்களே."

அன்வர் நிமிரவில்லை. "யாரோ பாடுனாங்க தம்பி. வாயில ஒட்டிக்கிச்சு."

அன்று மாலை மிஸ் வீட்டுக்குப் போனான். அவன் உள்ளே நுழைந்ததும் மிஸ் "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.

"நம்ம பாட்டை யார்கிட்டயாவது போட்டுக் காட்டினீங்களா மிஸ்?"

"டீ குடிக்கிறியா?" என்றாள் மிஸ்.

அதற்குப் பிறகு அவன் கண்ணுக்கு எல்லாமே தப்பாகத் தெரிந்தது. ஒரு நாள் போனால் வாசலில் தெரியாத செருப்பு, முன்னறைக் கதவு உள்ளே தாழ். இன்னொரு நாள் கைப்பையோடு ஒரு நர்ஸம்மா வெளியே வந்து, அவனைப் பார்த்ததும் வேகமாக நடந்தாள். போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு இசைக்குழு மிஸ்ஸைப் பார்க்க வந்தது நினைவுக்கு வந்தது. அவர்களுக்காகத்தான் இருக்கும். வேறு குரல்களில் பாடவைத்துப் பார்க்கிறாள். எது பொருந்துகிறதோ அதற்கு என் பாட்டு.

பத்து நாள் இப்படியே போயிற்று. முன்போல மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து அவனால் சிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம். சாவி இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான்.

'மெல்கி 9' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஏழு பதிவுகள். ஏழுக்கும் ஏழு பெயர். முதல் பெயர் அன்வர். தட்டினான். பஞ்சர் கடைக் குரல் அவன் பாட்டைப் பாடியது.

பாதியிலேயே நிறுத்தினான். ஆல்பம் இருந்த ஹார்டு டிஸ்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். வாசலில் மிஸ் நின்றிருந்தாள். தலையிலிருந்து முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

"நீயே திறந்துக்கிட்டியா?"

"ஆமா. என் பாட்டை யாருக்குத் தூக்கிக் கொடுக்கப் போறீங்க?"

மிஸ் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"ஏழையும் கேட்டியா?"

"ஒண்ணு கேட்டேன். போதும்."

"மிச்சத்தையும் கேட்டுட்டுப் போ. ஒவ்வொருத்தருக்கும் நான் ஒரே ஒரு தடவைதான் பாடிக் காட்டினேன். எழுதித் தரல. ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு, ஞாபகம் இருக்கறதப் பாடுங்கன்னேன். வெளிய சொல்ல வேண்டாம்னும் சொன்னேன்."

அவள் முதலிலிருந்து போட்டாள். மெல்கி நின்றுகொண்டே கேட்டான்.

அன்வரின் பாட்டில் லாரியின் தார்ப்பாய்க் கயிறு வந்தது. அப்பாவின் சோற்றுத் தூக்குப்போசி வந்தது. நாக்பூர் வெயில் வந்தது. இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரியில் மட்டும் அவர் "லா லா" என்று இழுத்துவிட்டுப் போனார்.

நர்ஸம்மா அந்த இடத்தில் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போய்விட்டாள். ஒரு கல்லூரிப் பெண் பாட்டை நிறுத்தி, "அங்க என்னமோ வருமே மிஸ்?" என்று கேட்டாள். அடுத்த மூவரும் அங்கேதான் தடுக்கினார்கள்.

'எல்லையில்லாப் புல்வெளியில் தனிக்குதிரை நான்.' அந்த இடத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்து அவன் எழுதிய வரி. ஆல்பத்துக்கே அந்த வரியைத்தான் பெயராக வைப்பதாக இருந்தான்.

ஏழாவது குரல் கரகரப்பாக இருந்தது. சரக்குக் கொட்டகை வாட்ச்மேன் பொன்னுசாமி. ஒரு காலத்தில் லாரியில் கிளீனராகப் போனவர். அந்த இடத்தில் அவர் நிற்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

'ஹாரன் சத்தத்துலயே கதவத் தெறப்பா எங்கம்மா.'

மெல்கி உட்கார்ந்துவிட்டான்.

"இது நான் எழுதினது இல்ல."

"இல்ல."

"அவரா போட்டுக்கிட்டாரா?"

"அப்படித்தான் நான் பாடினேன்னு அவர் நினைச்சிட்டிருக்காரு."

எத்தனை வண்டி போனாலும் மெல்கியின் அம்மாவுக்கு அப்பாவின் ஹாரன் தெரியும். லாரி தெருமுனை திரும்பும்போதே வாசலில் நிற்பாள். அவன் எழுதிய பத்துப் பாட்டில் ஒன்றில்கூட அம்மா இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பையிலிருந்து ஹார்டு டிஸ்கை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"பத்து நாளா உங்களைத் திருடின்னு நெனச்சிட்டிருந்தேன் மிஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மிஸ் முக்காட்டை எடுத்து மடித்தாள்.

"சொல்லியிருந்தா, அவங்க பாடுறப்ப நீயும் வந்து உக்காந்திருப்ப. அந்த வரி வர்றப்ப உன் உதடு தானா அசையும். உன் முகத்தைப் பார்த்தே ஏழு பேரும் அந்த வரியைச் சரியாப் பாடியிருப்பாங்க."