வெள்ளாமடையில் கரண்டு பில் குறைந்த வரலாறு

சித்திரை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, வெள்ளாமடை கரண்டு ஆபீசில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரே பில்லை ஆளுக்கொரு மூலையில் பிடித்தபடி நின்றார்கள். மூத்தவர் பெயர் நல்லசிவம். அடுத்தவர் கோமதிநாயகம், கடைசி தளவாய்.

நல்லசிவத்துக்கு ஒரே கவலை. தங்கை ஆவுடைக்கு நல்ல இடம் தகைந்திருந்தது. ஆனியில் பெண் பார்க்க வருகிறார்கள். இருட்டு வீட்டில் அவர்கள் பெண் எடுக்க மாட்டார்கள் என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பில்லோ ஏறிக்கொண்டே போனது. கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

பில் குறைய வழி கேட்டதற்கு, கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு போர்டு. ‘தேவை முடிந்ததும் விளக்கையும் மின்விசிறியையும் அணைக்கவும்.’

மூவரும் வாசலில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் லைட்டை யாரும் அணைப்பதில்லை, அமத்துவார்கள். அணைப்பது பிள்ளைகளை.

“ரெண்டும் ஒண்ணா இருக்குமோ அண்ணாச்சி?” என்றார் தளவாய்.

“அமத்தணும்னா அமத்தணும்னு எழுதியிருப்பாம்லா,” என்றார் நல்லசிவம்.

கோமதிநாயகம் நெடுநேரம் யோசித்தார். “நாள் பூரா நமக்காக எரியுது. என்னைக்காவது தொட்டிருக்கோமா? அந்த ஏக்கத்துலதான் கரண்டை இப்படிக் குடிக்குது.”

அன்று முதல் அணைத்தார்கள். குண்டு பல்பை அணைத்ததில் நல்லசிவத்தின் மார்பு கொப்புளித்தது. வீட்டில் ஒரே ஸ்டூல் என்பதால் ஒரு விளக்கை அணைத்து முடிக்கும்வரை மற்றவை எல்லாம் முறைக்காகக் காத்து எரிந்தன. அமத்திவிட்டு அணைக்கலாமே என்று தளவாய் கேட்டார். தூங்குகிற பிள்ளையைக் கொஞ்சக் கூடாது என்று மற்ற இருவரும் தடுத்துவிட்டார்கள்.

மின்விசிறி மட்டும் இணங்கவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு நெருங்கிய கோமதிநாயகத்தை மூன்று அறை அறைந்தது. கோபம் தணியட்டும் என்று அதை இரவு பகலாக ஓடவிட்டார்கள்.

“லைட்டை அமத்திட்டு வந்து சாப்பிடுங்க,” என்று ஆவுடை தினமும் கூப்பிட்டாள். படிக்காத பிள்ளை என்று நல்லசிவம் அவளை மன்னித்தார்.

அடுத்த பில் இரண்டு மடங்காக வந்தது. கவுண்டர்காரர் இந்த முறை தலையை நிமிர்த்தினார். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு ஊரில் ஒரு சங்கம் கரண்டு பில் கட்டுகிறது, அங்கே கேளுங்கள் என்றார். சங்கத்தில், ஆனி பத்தாம் தேதி ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார், பார்த்துவிட்டுக் கட்டுவார் என்றார்கள்.

பெண் பார்க்க வருவதாக இருந்தது பதினொன்றாம் தேதி. அன்று அஷ்டமி என்று கடைசியில் கண்டுபிடித்து, மாப்பிள்ளை நயினாரும் அவர் அப்பாவும் சொல்லாமல் கொள்ளாமல் பத்தாம் தேதியே வந்து இறங்கினார்கள். சங்கத்து ஆட்கள்தான் என்று நல்லசிவம் கைகூப்பினார்.

“நீங்க கட்டுனாத்தான் எங்க வீட்டுல வெளிச்சம்.”

நயினார் கூச்சத்தோடு தரையைப் பார்த்தார். “கட்டத்தானே வந்திருக்கோம்.”

“ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, தவறாம கட்டணும்.”

நயினார் அப்பாவைப் பார்த்தார். “எங்க ஊர்ல ஒரே தடவைதான் கட்டுவோம்,” என்றார் அப்பா.

“ஒரு தடவை கட்டிட்டு எப்படி ஓடும்?” என்று பரிதாபப்பட்டார் தளவாய்.

அப்பா தன் முப்பது வருட வாழ்க்கையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். “ஓடுது. ஏதோ ஓடுது.”

“இங்க அப்படி இல்ல. தேதி தப்புனா ஃபைன். அப்பவும் கட்டலைன்னா அறுத்துருவாங்க,” என்றார் நல்லசிவம்.

அறுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா அவசரமாகச் சம்மதம் சொன்னார். ஊருக்கு ஊர் வழக்கம் வேறுதான் என்று மகனையும் தேற்றினார்.

சாயங்காலம் தரகர் வந்து யார் யார் என்று விளக்கினார். ஆனாலும் பேசிய பேச்சை மாற்றுவது மரியாதை இல்லை என்று இரண்டு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள்.

சங்கத்து ஆள் மறுநாள்தான் வந்தார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. கோமதிநாயகம் டியூப்லைட்டை அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், உதவி தேவைப்படும் குடும்பம்தான் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பில்லைக் கட்டினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் மறுபடி நடந்தது. ஒவ்வொரு தடவையும் புதுச்சேலை உண்டா என்று மட்டும் ஆவுடை கேட்டாள். உண்டு என்றார்கள், அவள் மணையில் போய் உட்கார்ந்தாள்.

மார்கழியில் தாலி கட்டக் கூடாது என்று ஐயர் மறுத்துப் பார்த்தார். ஃபைனை யார் கட்டுவது என்று நல்லசிவம் கேட்டார்.

மார்கழி பதினொன்றாம் தேதி காலை நயினார் ஆவுடைக்கு மூன்றாவது தாலியைக் கட்டினார். கடைசித் தேதி பன்னிரண்டு.