நாலு கடைசி ஆட்கள்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான தடகளப் போட்டிக்கு மாவட்ட ரிலே அணி எடுத்தார்கள். தேர்வு ஓட்டத்தில் எல்லாரையும் முந்தி வந்தவன் பஸ் டிப்போ மெக்கானிக் சேர்மக்கனி. ஆனால் சங்கச் செயலாளர் ஞானதிரவியம் மைக்கில் வாசித்த அணியில் இருந்ததோ அவரும், ஒரு கவுன்சிலரும், ஒரு மில் முதலாளியும், ஒரு டாக்டரும்!

சேர்மக்கனிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நேரே போய் நியாயம் கேட்டான்.

"ஏல, ரிலேன்னா நாலு பேரு ஓடணும். நீ ஒத்தையில ஓடி எங்க நாலு பேரையும் ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் வந்து பேசு" என்றார் செயலாளர்.

"ஓடுதேன் சார். நான் தோத்தது பேப்பர்ல வரணும்லா? போட்டோக்காரரை மட்டும் முடிவுக் கோட்டுல நிப்பாட்டுங்க."

போட்டோ என்றதும் நாலு பேரும் தலை சீவிக்கொண்டார்கள்.

நாலு பேரும் அவரவர் இடத்தில் போய் நிற்கட்டும் என்று காத்துக் காத்துச் சலித்துப்போன நடுவர் விசில் ஊதினார். சேர்மக்கனி பறந்தான். பக்கத்துத் தடத்தில் ஒருத்தரையும் காணோம். கடைசி ஆள் மட்டும் நிற்கவேண்டிய கடைசி வளைவுக்கு வந்தால், நாலு பேரும் அங்கேதான் நிற்கிறார்கள்! கோட்டைத் தொடப்போவது நான்தான் என்று ஆளுக்கொரு பக்கம் ரிலே குச்சியைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டவன், போட்டோவுக்கும் நின்றான்.

"செல்லாது! நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!" என்று கத்தினார் செயலாளர்.

"கடைசி ஆளு கையில குச்சியை யாராவது ஓடிக் கொண்டாந்து குடுக்கணும் சார். இத்தனை வருசமா நாங்க கொண்டாந்து குடுத்தே உங்களைப் பழக்கிட்டோம். தப்பு எங்க மேலதான்."