டாக்டரம்மா சொன்ன சாரி

குன்றடி மடத்தின் தலைவி செண்பகவல்லிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் அருளப்பனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். மடத்தை ஒட்டி, அயர்லாந்திலிருந்து வந்த டாக்டர் நோரா ஓர் இலவச மருத்துவமனை நடத்திவந்தார். அங்கே நோயாளிகளுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் அருளப்பன்தான்.

ஒரு மதியம், பாம்பு கடித்த கல்லுடைக்கும் தொழிலாளி ஒருவரைத் தூக்கி வந்தார்கள். கடித்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் தன்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார். மாலையில் வெளியே வந்து, வாசலில் நின்ற தொழிலாளியின் மனைவி பூங்காவனத்திடம், "ஐ ஆம் சோ சாரி" என்றார்.

அருளப்பன் தமிழில் சொன்னார்: "உன் வீட்டுக்காரர் போயிட்டாரும்மா. டாக்டரம்மா மன்னிப்புக் கேக்குறாங்க."

பூங்காவனத்தின் அண்ணன் ஏகாம்பரம் நிமிர்ந்தான்.

"மன்னிப்பா? அப்ப என்ன தப்பு பண்ணாங்க?"

அருளப்பன் வாயைத் திறப்பதற்குள் கல் ஒன்று பறந்துவந்து மருத்துவமனை ஜன்னல் கண்ணாடி உடைந்தது.

தப்பான ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. டாக்டர் அயர்லாந்துக்குத் திரும்பப் பெட்டி கட்ட ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் அருளப்பன் மடத்துக்கு வந்தார். செண்பகவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க வாத்தியாரே."

"சாரின்னு இங்கிலீஷ்ல ஒரு பெயரடை. துக்கத்துல பங்கெடுக்கவும் அதுதான். தப்புக்கு மன்னிப்புக் கேக்கவும் அதுதான். அன்னிக்கு நான் எந்த அர்த்தத்தை எடுத்திருக்கணும்?"

"சொல்லும்போது டாக்டர் முகம் எப்படி இருந்துச்சு?"

"பாக்கலைம்மா. வார்த்தையைத் தேடிக்கிட்டிருந்தேன்."

"தப்பாச் சொல்லிட்டோம்னு எப்பத் தெரிஞ்சுது?"

"கண்ணாடி உடைஞ்சப்பவே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலைம்மா."

செண்பகவல்லி எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த அருளப்பனின் செருப்பைக் கையில் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகு உள்ளே வந்து மறுபடி கீரையைக் கையில் எடுத்தார்.

அருளப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவனத்தின் வீட்டுக்கு நடந்தார்.

துக்க வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னார்.

"டாக்டரம்மா தப்பு எதுவும் பண்ணலை. மன்னிப்பும் கேக்கலை. உனக்காக வருத்தப்பட்டாங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

ஏகாம்பரம் அவர் சட்டையைப் பிடித்தான்.

"மூணு நாளா எங்கய்யா இருந்த?"

"வீட்லதான். பயந்துகிட்டு."

"விடுண்ணே" என்றாள் பூங்காவனம். அருளப்பனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் தனியாக மருத்துவமனைக்கு வந்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அருளப்பன் மொழிபெயர்க்கத் தயாராக நின்றார். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து டாக்டர் அழுதார். பூங்காவனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் மருத்துவமனை திறந்தது.

சாயங்காலம் அருளப்பன் மடத்துக்கு வந்தார்.

"டாக்டர் போகலைம்மா. ஆனா பூங்காவனம் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. மன்னிச்சாளா இல்லையான்னே தெரியலை."

செண்பகவல்லி கேட்டார்:

"அதைத் தெரிஞ்சுக்கவா போனீங்க?"