இருபது மூட்டை உத்திரம்

ரொம்பக் காலத்துக்கு முன்னே குவளைநாட்டை மழவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆசை வந்துவிட்டால் மட்டும் பொறுக்கமாட்டார். ராணியும் ஊர்ப் பெண்களும் நின்று தேர் பார்க்க மேல்மாடம் வேண்டும், அதுவும் பத்தே நாளில் என்றார். காட்டிலிருந்து முந்நூறு உத்திரங்கள் வந்து இறங்கின.

ஓர் உத்திரம் எவ்வளவு தாங்கும்? கிழட்டு மந்திரி சாத்தனார் முப்பதை எடுத்து, முறியும்வரை நெல்மூட்டை ஏற்றிப் பார்த்தார். ஒன்று இருபத்தெட்டு தாங்கியது. ஒன்று பதின்மூன்றிலேயே போயிற்று. சராசரி இருபது. சாத்தனார் ஓலையில் ஒன்பது என்று எழுதினார்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த பூவராகர் சபையில் சிரித்தார். "இருபது தாங்கும் மரத்துக்கு ஒன்பதா? மந்திரிக்கு வயதாகிவிட்டது, ராஜா. இருபது என்றே வைத்தால் வந்த மரமே போதும்."

ராஜாவுக்கு அது இனித்தது. பதின்மூன்றுக்கும் கீழே ஏன் போனீர் என்று சாத்தனாரைக் கடிந்துகொண்டார்.

"பார்த்தது முப்பதைத்தான், ராஜா. பாராதவை இருநூற்று எழுபது. அதற்குள் இதைவிட நோஞ்சான் ஒன்று இருக்காதா?"

பயந்தாங்கொள்ளிப் பேச்சு, முத்திரை மோதிரத்தைக் கழற்றி வையும் என்றார் ராஜா. சாத்தனார் கழற்றி வைத்தார். அவர் நினைப்பெல்லாம் மாடத்தில் நிற்கப்போகும் பெண்கள்மேல்தான்.

குவளைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. உத்திரத்துக்கு அளவு சொன்னவர், அந்தப் பாரத்தை ஏற்றும்போது அதன் கீழே இலைபோட்டுச் சாப்பிடவேண்டும். சாத்தனார் அதை நினைவூட்டினார். பூவராகர் வைரம் பாய்ந்த மரமாகத் தேடப் போனார்.

"ராஜா கண்ணை மூடித் தொடுவதுதான் உமக்கு" என்றார் சாத்தனார். "மேலே நிற்கிற பெண்கள் மரம் பொறுக்கியா நிற்பார்கள்?"

ராஜா தொட்டார். இலை போட்டார்கள், மூட்டை ஏறியது. பதினாறாவதில் மரம் முனகியது. பூவராகர் கைகூடக் கழுவாமல் ஓடினார். பதினெட்டில் முறிந்து, மூட்டைகள் அவர் இலைமேலேயே விழுந்தன.

ராஜா மறுபடி கண்ணை மூடி இன்னொன்றைத் தொட்டார். ஒன்பது மூட்டை ஏறியது. சாத்தனார் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டார். சற்று நேரம் பார்த்துநின்ற ராஜா, தமக்கும் ஓர் இலை போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். பரிமாறும் வேலை பூவராகருக்கு.

"உமக்குப் பயமே இல்லையா, ஓய்?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"கொஞ்சம் இருக்கிறது, ராஜா. அதனால்தான் ஒன்பது."

கை கழுவி வந்ததும் ராஜாவே மோதிரத்தை அவர் விரலில் போட்டுவிட்டார். ஒன்பது மூட்டைக் கணக்குக்கு இன்னும் முந்நூறு மரம் வந்தது. மாடம் எழும்பும்வரை, அந்த வருஷம் தேர்தான் பத்து நாள் காத்திருந்தது.