கதவோரம் நின்றவர்

கொரோனா அடங்கிக் கல்லூரி திறந்ததும் பிள்ளைகள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். ஐயோ, திறந்துவிட்டார்களே என்று அழுதவள் சண்முகப்ரியா ஒருத்திதான்.

முதல் வருஷம் பூராவும் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, செல்போனில் கேமராவை அணைத்துவைத்துக்கொண்டு படித்தவள். கூடப் படிக்கிற ஒருத்தருக்கும் அவள் முகம் தெரியாது. தினமும் வகுப்பு வாசல்வரை வருவாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடுவாள். திரும்பிப் போய் பஸ் ஏறிவிடுவாள்.

"இன்னைக்கும் உள்ள போக முடியலேன்னா டி.சி.யை வாங்கிருவோம்மா. நீ படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கல" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். படிப்பை விட அவளுக்கு மனசே இல்லை.

அன்றைக்கு மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் மாடியேறினாள். கதவோரம், சுவரோடு சுவராக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க், கையில் சாக்பீஸ் டப்பா.

"வகுப்பு ஆரம்பிச்சிருச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நான் இன்னும் உள்ள போகலியேம்மா, எப்படி ஆரம்பிக்கும்?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. வேலாயுதம் சார்! வருஷம் முழுக்க செல்போனில் பொருளாதாரம் நடத்திய குரலாயிற்றே, மறக்குமா?

"நீ ஏம்மா நிக்கிற?"

"பயமா இருக்கு சார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

"பார்க்கத்தான் செய்வாங்க. கண்ணு இருக்குல்ல?"

"இந்தப் பயம் எப்ப சார் போகும்?"

சார் கையிலிருந்த டப்பாவுக்குள் சாக்பீஸ்கள் கடகடவென்று ஆடின. பயத்துக்கு வயசாவது, படிப்பாவது!

"உங்களுக்குமா சார்?"

"இத்தனை நாளா செல்போனைப் பார்த்தே பேசிட்டேன். இப்ப இத்தனை முகத்தையும் ஒண்ணா பார்த்தா நாக்கு ஒட்டிக்குது. தினமும் யாராவது லேட்டா வருவாங்க. அவங்களோட சேர்ந்து நுழைஞ்சிருவேன். இன்னைக்கு நீ வந்தே."

பாவம், இந்த மனுஷரை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அதைக் குடுங்க சார்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜையில் டப்பாவை வைத்தாள். ஒரு பெண் தன் பையை நகர்த்தி, பெஞ்சில் இடம் விட்டாள்.

வகுப்பு முடிந்ததும் சார் பின்னாலேயே வராந்தாவுக்கு ஓடினாள்.

"பயம் போயிருச்சா சார்?"

"எங்கம்மா போகுது! நாளைக்கும் கொஞ்சம் லேட்டாவே வா."