நாலாவது சிப்

“வெளிச்சம் ஏற மாட்டேங்குது மேடம். மூணு சிப் போச்சு.”

தணிகாசலம் கதவைக்கூடத் தட்டவில்லை. ஐம்பத்திரண்டு வயது, மூக்குக்கு மேல் கோபம். ஹார்ட் டிஸ்க் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ஷமீமா அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர்.

டிஸ்கின் காந்தப் பூச்சில் ஒரு பொட்டு இடத்தை லேசரால் சூடாக்கி, அங்கே தகவலை எழுத வேண்டும். அதற்கு அந்த வெளிச்சம், சிப்பில் உள்ள, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தங்க முனைக்குள் ஏற வேண்டும். மிச்சமிருப்பது ஒரே சிப். அதுவும் போனால் மூன்று வருட உழைப்பு மண்ணாகிவிடும்.

“ஏறலைன்னதும் என்ன செஞ்சீங்க?”

“லேசரைக் கூட்டினேன்.”

“அப்புறம்?”

“இன்னும் கூட்டினேன். முனை உருகிடுச்சு. சிப் செஞ்ச லட்சணம் அப்படி. நேத்து அந்த ராணியை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன்.”

தூசி புகாத அறையில் நாள் முழுக்க முகமூடியோடு நின்று சிப் செய்பவர் சகாயராணி.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“என்னமோ சொல்ல வந்தாங்க. யாரு நிக்கிறது?”

ஷமீமா எழுந்து ஆய்வகத்துக்கு நடந்தார். நாலாவது சிப் மேசையில் பொருத்தியிருந்தது. லேசரின் சக்தியை அடிமட்டத்துக்குக் குறைத்தார்.

“அதுல ஒண்ணும் ஆகாது மேடம். நான் பார்க்காததா?” குரல் வராந்தா வரை போனது.

லேசருக்கும் சிப்புக்கும் நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடித் தகடு. ஒளி அலை நெட்டுக்குத்தாக ஆடுவதா, குறுக்கே ஆடுவதா என்பது அதன் கையில் இருக்கிறது. ஷமீமா அதை ஒரு விரலால் திருப்பினார்.

மீட்டரில் முள் ஏறியது. முனை உருகவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் தணிகாசலத்துக்கு எரிச்சல்தான் வந்தது.

“அதைத் திருப்பணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“ராணி. இந்தத் தடவை முனையைக் குறுக்க வரைஞ்சு அனுப்பினதே நீங்கதானாம். அப்போ ஒளியும் குறுக்க ஆடினாத்தானே ஏறும்?”

“என்கிட்ட சொல்லலையே.”

ஷமீமாவின் முகம் சிவந்துவிட்டது. குரல் மட்டும் உயரவில்லை.

“நேத்து நீங்க அவங்களைக் கேட்டீங்க சார். இன்னைக்குக் காலையில அவங்க சொன்னதை நான் கேட்டேன்.”