கிணற்றுக்குள் கட்டிய கண்

கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதை காதில் விழாது. ஒரு கிணத்துக்குள்ளே நடந்த கதை. தண்ணீர் இல்லாத கிணறு.

திருவிழாக் கடைகளுக்கு நடுவே பலகை அடித்து வட்டமாக எழுப்புவார்களே, செங்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றுமே, அந்த மரணக் கிணறு. மேலே விளிம்பில் நிற்கிற ஜனம் ரூபாய் நோட்டைக் கீழே நீட்டும். ஓட்டுகிறவர் சுற்றி வருகிற வேகத்திலேயே அதைப் பறித்துக்கொண்டு போவார்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு அதை ஓட்ட வந்தவள் ரகமத்து. அவளிடம் தொழில் கற்றவர் சவரிமுத்து. இங்கே சிஷ்யருக்குத்தான் வயசு கூட. லாரி ஓட்டிச் சலித்து, நாற்பதுக்கு மேலே கிணத்துக்கு வந்த மனுஷர். அவளோ நடக்கப் பழகின கையோடு அப்பாவின் பெட்ரோல் டாங்கி மேல் உட்கார்ந்து சுவர் ஏறினவள். அவர் வாத்தியாரம்மா என்பார், அவள் அண்ணே என்பாள். மரியாதை குறையாது, கேலியும் குறையாது.

தை மாசம் ஓர் ஊரில் பாதிச் சுவரில் செயின் அறுந்து சவரிமுத்து விழுந்தார். காறை எலும்பு முறிந்து, கூடியும் விட்டது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இவர் சாவியைத் திருப்புவார், தரையிலேயே சுற்றுவார், இறங்கிச் செயினைத் தடவிப் பார்ப்பார். சுவர்ப் பக்கம் மட்டும் போகமாட்டார்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு கடையில் வி.ஆர். ஹெட்செட் என்கிற, படம் காட்டும் பொட்டியை அவர் கண்ணில் மாட்டிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி மலைமேல் பறந்தார். மரணக் கிணறு ஓட்டுகிற படமும் இருக்கிறது என்று கடைக்காரன் சொன்னதும் ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பொட்டியில் ஒன்றை வாங்கி, பயம் விடுகிற வரைக்கும் நாற்காலியிலேயே சுவர் ஏறிப் பழகுவதாகத் திட்டம்.

அதிலும் ஒரு சிக்கல். தீபாவளிக்குப் புது மாடல் வருகிறது, எடை கம்மி, படம் பளிச்சென்று தெரியும், இப்போது வாங்குகிறவன் ஏமாளி என்றார் டெல்லி அப்பளக் கடைத் தெய்வேந்திரன். தீபாவளிக்கு வாங்கினால் பொங்கலுக்கு அதைவிடப் புதுசு வரும், செத்தபிறகு வாங்கிக்கோ என்றார் ராட்டினக்காரர். சவரிமுத்து காலையில் இவர் கட்சி, சாயங்காலம் அவர் கட்சி.

கிணத்து முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். இன்றைக்கு ஆறு மணி ஆட்டத்துக்கு ஏறினால் சரி, இல்லையென்றால் சேலத்து ஆள் ஒருவனை வரச் சொல்லியிருக்கிறேன், நீ லாரிக்கே போய்க்கொள் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் சவரிமுத்து கிணத்துக்குள் நுழைந்தார். ரகமத்து சுத்தியலால் பலகைகளைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, இப்பவே வாங்கிரவா, புது மாடலுக்குப் பொறுக்கவா?"

"ஆறு மணிக்கு முன்னாடியாண்ணே, பின்னாடியா?"

சிரிக்காதீர்கள், இது என் பிழைப்பு என்றார் அவர். அவள் சுத்தியலைப் போட்டாள். துப்பட்டாவால் தன் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியை உதைத்தாள். சரிவில் ஏறி, சுவரில் ஏறி, விளிம்பு வரை போய்ச் சுற்றிவிட்டு இறங்கினாள். வியர்வையில் நனைந்த அதே துப்பட்டாவை அவர் கண்ணில் கட்டி, இன்ஜின் அணையாமல் நின்ற வண்டியில் அவரை உட்கார வைத்தாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாருங்க."

சவரிமுத்து கட்டின கண்ணோடு தலையை நிமிர்த்தினார்.

"சுவரு தெரியுது. பாதி ஏறிட்டேன். செயின் அறுந்துடுது."

"அப்புறம்?"

"விழுறேன்."

"அப்புறம்?"

"மறுபடி முதல்லேருந்து."

"படம் தெளிவா இருக்கா?"

"ரொம்ப."

"பொட்டி இல்லாமயே இப்படித் தெரியுது. புது மாடல் வந்தா செயின்ல இருக்கற துருவும் தெரியும்."

சவரிமுத்துவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வாங்கவா, வேண்டாமா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

"வாங்குங்க, வாங்காமப் போங்க. முதல்ல மாட்டியிருக்கறதக் கழட்டுங்கண்ணே."

முடிச்சு பிடிவாதமான முடிச்சு. அவர் அதை அவிழ்த்துத் துணியை இறக்கினபோது எதிரே யாரும் இல்லை. சுவரின் அடியில் இருந்த சின்னக் கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

திறங்க வாத்தியாரம்மா என்று கதவைத் தட்டினார். பதில் மேலேயிருந்து மைக்கில் வந்தது. வாங்க வாங்க, ஆட்டம் இப்பவே ஆரம்பிக்குது, இன்னிக்கு ஓட்டுறது நம்ம சவரிமுத்து அண்ணன், இந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடையாது என்றாள். விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு பத்துத் தலை. தெய்வேந்திரனும் அப்பளமும் கையுமாக வந்து நின்றார்.

சவரிமுத்து குனிந்து செயினைத் தொடப் போனார். மேலே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை இழுத்துக்கொண்டார்.

ரகமத்து மைக்கை வைத்துவிட்டு விளிம்பில் குப்புறச் சாய்ந்தாள். ஜனம் நோட்டு நீட்டுகிற மாதிரியே கையைக் கிணத்துக்குள் நீட்டினாள். கையில் நோட்டு இல்லை.

"அந்தத் துப்பட்டா என்னுது," என்றாள். "மேல வந்து குடுத்துட்டுப் போங்கண்ணே."

நீட்டின கையை அவள் மடக்கவில்லை.